தோல் அரித்தால் எடை குறைப்பு ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எடை குறைப்பு மருந்துகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன, விடாமல் படிக்கிறேன். எவ்வளவு எடை குறையும், யார் போட்டுக்கொள்ளலாம், நிறுத்தினால் மறுபடி ஏறுமா என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். பக்க விளைவு என்று வந்ததும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என்று நான்கைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். வயிற்றுத் தொந்தரவுதான் நிறையப் பேருக்கு வருகிறது, அதை முதலில் சொல்வது நியாயம்தான். ஆனால் தோலைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே என்பது என் ஆதங்கம். நான் மருந்தாளராக வேலை பார்ப்பவள். மருந்து வாங்க வருகிறவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, அப்புறம் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "ஊசி போட்ட இடம் தடிச்சுப்போய் அரிக்குது, இது சகஜம்தானா?" என்று கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அவர்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன், பிரஷருக்குப் போடுகிறேன் என்று யாரும் கூசாமல் சொல்கிறார்கள். எடைக்கு ஊசி போடுகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. வாயைக் கட்ட முடியாதவள், குறுக்கு வழியில் இளைத்தவள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். உடல் பருமன் ஒரு நோய், அதற்கு மருந்து எடுப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும் அந்தப் பயம் போவதில்லை. சரி, அக்கம்பக்கத்தாரிடம் மறைத்தால் மறைத்துவிட்டுப் போகட்டும். டாக்டரிடமும் மறைக்கிறார்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஊசியை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒருவர், தோலைப் பார்க்கும் டாக்டர் வேறொருவர், இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளி வாயைத் திறக்கவில்லை என்றால் தடிப்புக்குக் காரணம் யாருக்குமே தெரியாமல் போகிறது.

எனக்கு நெருங்கிய தோழி ஒருத்திக்கு இப்படித்தான் ஆனது, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வாரம் ஒருமுறை போடும் ஊசி, டாக்டர் எழுதிக் கொடுத்து முறையாகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், வீட்டில் யாருக்கும் தெரியாது. வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் உடனே ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்து உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துக்கொண்டு, தொட்டால் சூடாக, ராத்திரி தூங்க விடாமல் அரிக்கும். சில நாளில் தானாக அடங்கிவிடும். அடுத்த வாரம் வேறு இடத்தில் போட்டால் அங்கேயும் அதேதான். தோல் டாக்டரிடம் போனாள். அவர் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார், "புதுசா ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். இடுப்பில் துணி இறுக்கி உரசியதால் வந்த அலர்ஜியாக இருக்கும் என்று களிம்பும் அரிப்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார், கையில் இருந்த தகவலை வைத்து அவர் வேறென்ன செய்ய முடியும்? மாத்திரையில் அரிப்பு மட்டுப்பட்டது, ஊசியும் தொடர்ந்தது, அளவும் கூடியது. கூடிய அளவை முதல் தடவை போட்ட அன்று ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கத் தடிதடியாகக் கிளம்பி, உதடு வீங்கி, இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். ஊசிக்கு வாந்தி வருவது சகஜம்தானே என்று படுத்துக்கொண்டவளைக் கணவர்தான் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேதான் முதல்முறையாக ஊசியைப் பற்றிச் சொன்னாள். தொடையில் அட்ரினலின் போட்டு, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் ஊசியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஊசி போட்ட இடத்தில் வரும் சின்னச் சின்னச் சிவப்பெல்லாம் அலர்ஜியும் கிடையாது. மருந்துத் தகவல் குறிப்புகளில் இருக்கும் எண்களைச் சொல்கிறேன். தினமும் போடும் லிராகுளுடைட் ஊசியின் எடை குறைப்பு வடிவமான சக்செண்டாவில், போட்ட இடத்தில் தொந்தரவு வந்தவர்கள் 13.9 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 10.5 சதவீதம். அதாவது பெரும்பகுதி ஊசி குத்தியதால் வந்ததே தவிர மருந்தால் வந்ததில்லை. செமாகுளுடைட் மருந்தான வெகோவியில் 1.4 சதவீதம், வெற்று ஊசியில் 1 சதவீதம், வித்தியாசம் கொஞ்சம்தான். டிர்செபடைட் மருந்தான செப்பவுண்டில் மட்டும் இந்த இடைவெளி பெரிது. அளவைப் பொறுத்து 6 முதல் 8 சதவீதம் பேருக்குப் போட்ட இடத்தில் தொந்தரவு, வெற்று ஊசியில் 2 சதவீதம். ஒவ்வாமை வகை என்று பொதுவாகச் சொல்லப்படும் தொந்தரவுகள் அதே மருந்தில் 5 சதவீதம், வெற்று ஊசியில் 3. இவற்றில் பெரும்பாலானவை லேசானவை. அனாபிலாக்சிஸ் என்கிற உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும், முகமும் தொண்டையும் வீங்கும் ஆஞ்சியோஎடீமாவும் மிகச் சிலருக்குத்தான் வருகின்றன. வந்தால் நேரத்தோடு பந்தயம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

போட்ட உடனே கொஞ்சம் சிவந்து, எரிந்து, சில மணி நேரத்தில் மறைந்துபோனால் பெரும்பாலும் போட்ட விதத்தில்தான் கோளாறு. மருந்து அடைத்து வரும் ஊசிப் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரியும், கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஜில்லென்ற தன்மை போனபின் போடலாம். ஸ்பிரிட் தடவிய இடம் காய்வதற்குள் குத்தினால் எரியும். ஊசி சரியாக உள்ளே போகாமல் மேல்தோலிலேயே மருந்து இறங்கினால் அங்கே கொசுக்கடி மாதிரி உப்பிக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டாலும் தடிக்கும். வயிறு, தொடை, மேல்கை என்று இடம் மாற்றிப் போடச் சொல்வது இதற்காகத்தான். இவ்வளவையும் சரி செய்தபிறகும் ஒவ்வொரு ஊசிக்கும் தடிப்பு வருகிறது, வரவரப் பெரிதாகிறது, சீக்கிரமாக வருகிறது, நீண்ட நாள் நிற்கிறது என்றால் அது வேறு கதை. தோழிக்கு வந்ததுபோல இரண்டு மூன்று நாள் கழித்துக் கிளம்பும் தடிப்பு, தாமதமாக வேலை செய்யும் நோயெதிர்ப்பு அணுக்களால் வருவதாக இருக்கலாம். அது பெரும்பாலும் போட்ட இடத்தோடு நின்றுவிடும், நிறையப் பேருக்குச் சில வாரத்தில் உடம்பு பழகி அடங்கியும்விடும், ஆனால் அடங்குமா பெரிதாகுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஊசி எழுதிக் கொடுத்த டாக்டர். அவருக்குத் தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. வாரம் ஒருமுறை போடும் ஊசிகளில் குறைந்த அளவில் ஆரம்பித்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுவது வழக்கம், வெகோவி என்றால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி 2.4 வரை. அடுத்த அளவுக்குப் போகுமுன் வயிறு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிட வேண்டும்.

காணாக்கடி என்று வீட்டில் சொல்வோமே, அது கிளம்புவது இன்னொரு ரகம். பத்தை பத்தையாகத் தடித்து, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பும், ஒவ்வொரு பத்தையும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் போய்விடும். இதனால் ஒரு சங்கடம், டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்தில் உடம்பில் ஒன்றுமே இருக்காது. ஆகவே கிளம்பியதும் நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பத்தையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். மறுநாளும் அது கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம், மறையும்போது கன்றிப்போன மாதிரித் தழும்பு விடுகிறது என்றால் சாதாரணக் காணாக்கடி இல்லை, ரத்தக் குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம், மருந்துக் குறிப்புகளில் எல்லாம் "சிவந்துபோதல்" என்றே போட்டிருக்கிறார்கள். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தோல் நிறத்திலேயே மேடாக இருக்கும், அல்லது கொஞ்சம் கறுத்தோ ஊதாவாகவோ தெரியும். சிவக்கவில்லை, ஆகவே அலர்ஜி இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். கண்ணால் பார்ப்பதோடு விடாமல் விரலால் தடவிப் பாருங்கள், மேடும் சூடும் கைக்குத் தெரியும்.

உதடு, நாக்கு, கண் இமை வீங்குகிறது, குரல் கம்முகிறது, தொண்டை அடைக்கிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் அரிப்பு மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் இல்லை அது. செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும், அனாபிலாக்சிஸை நிறுத்தாது. அதை நிறுத்துவது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடமாட விடக் கூடாது. ஒருமுறை அடங்கியபின் சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதும் உண்டு, அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கிறார்கள், சரியாகிவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துக் கிளம்பி வரக் கூடாது. இந்த ஊசிகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வாந்தி இந்த மருந்துகளின் சாதாரணப் பக்க விளைவு, கடுமையான ஒவ்வாமைக்கும் வாந்தி ஓர் அறிகுறி. தனியாக வாந்தி வந்தால் பெரும்பாலும் முதல் வகைதான். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பும் கிளம்பி வாந்தியும் சேர்ந்து வந்தால் அதைச் சகஜம் என்று ஒதுக்காதீர்கள். என் தோழி இந்த இடத்தில்தான் ஏமாந்தாள்.

மருந்தை நிறுத்திய மறுநாளே தடிப்பு போய்விடும் என்று எதிர்பார்ப்பதும் ஆளைத் திசை திருப்பிவிடும். லிராகுளுடைட் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 13 மணி நேரம் போதும். டிர்செபடைட்டுக்கு சுமார் 5 நாள், செமாகுளுடைட்டுக்கு சுமார் ஒரு வாரம். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 5 முதல் 7 வாரம் வரை செமாகுளுடைட் உடம்பில் இருந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு வாரம் ஊசியை விட்டுப் பார்த்தேன், அரிப்பு அப்படியேதான் இருக்கிறது, அப்படியென்றால் ஊசி காரணமில்லை என்று தானே முடிவு கட்டி மறுபடி போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. வாரம் ஒருமுறை போதும் என்ற வசதிக்காக நீண்ட நாள் உடம்பில் தங்கும்படி செய்த மருந்து, வேண்டாம் என்றாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், எடை குறைக்க டாக்டர்கள் எழுதும் மாத்திரைகளும் இருக்கின்றன, தோல் விஷயத்தில் சிலவற்றுக்கு ஊசியைவிட அதிகக் கவனம் வேண்டும். நால்ட்ரெக்சோனும் புப்ரோபியானும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. அதில் உள்ள புப்ரோபியானால் அரிப்பு, காணாக்கடி, முக வீக்கம் வரலாம், சிலருக்குக் கொஞ்ச நாள் கழித்துத் தடிப்போடு காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வரும். அதைப் பார்க்கிறவர்கள் ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று நினைப்பார்களே தவிர மாத்திரையைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஃபென்டர்மினும் டோபிராமேட்டும் சேர்ந்த மாத்திரையில், டோபிராமேட்டுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்கிற, தோல் உரிந்துவிடும் கொடிய நோய் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. மிக மிக அபூர்வம்தான். மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று தொடங்கி, தோல் அரிப்பதைவிட வலிக்கும், வாயிலும் கண்ணிலும் புண் வரும், கொப்புளம் வந்து தோல் உரியும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். டோபிராமேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயம் இருப்பதால், லேசான தடிப்பு என்றாலும் தள்ளிப்போடாமல் அன்றே டாக்டரிடம் பேசி அவர் சொல்கிறபடி நிறுத்துவதுதான் சரி. கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட்டிலும் அரிப்பு, காணாக்கடி, முக வீக்கம் அபூர்வமாகப் பதிவாகியிருக்கின்றன.

தோலில் வருவதற்கெல்லாம் எடை மருந்தின் மேலேயே பழி போடுவதும் தவறு. எடை அதிகமுள்ளவர்கள் நிறையப் பேர் பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சாப்பிடுகிறார்கள். அந்த வகை மாத்திரையே, வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும், திடீரென்று உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும், அரிப்போ தடிப்போ இருக்காது, அரிப்பு மாத்திரைக்கும் அடங்காது. வலி நிவாரணிகளும் ஆன்டிபயாடிக்குகளும் காணாக்கடியைக் கிளப்பக்கூடியவை. எடை வேகமாகக் குறையும்போது முடி கொட்டுவதும் அலர்ஜி இல்லை. இன்னொன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க அரிக்கிறது, சிறுநீர் அடர்நிறமாகப் போகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது என்றால் பித்தப்பைக் கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருக்கலாம். வேகமாக எடை குறைந்தால் பித்தக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும், இந்த ஊசிகளின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே அது இருக்கிறது. அந்த அரிப்புக்குக் களிம்பு தடவிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தோல் டாக்டருக்கு ஊசி விஷயம் தெரிந்திருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடுவார்.

மருந்தோடு கலந்திருக்கும் மற்றப் பொருள்களையும் கவனிக்க வேண்டும். செமாகுளுடைட்டின் சர்க்கரை நோய் வடிவமான ஓசெம்பிக் பேனாவில் ஃபீனாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் இருக்கின்றன. ஒரே தடவை போட்டு எறியும் சில பேனாக்களில் அவை கிடையாது. சில இடங்களில் தனியாகக் கலந்து தரும் மருந்துகளில் வைட்டமின் பி12 சேர்க்கிறார்கள், அதில் கோபால்ட் இருக்கிறது, கோபால்ட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே தடிப்பைக் கிளப்பலாம். அதனால் ஒரு நிறுவனத்தின் ஊசி ஒத்துக்கொண்டு இன்னொன்றுக்கு மாறியதும் அரிப்பு வந்தது என்று யாராவது சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளாமல் பெட்டியை வாங்கி உட்பொருள் பட்டியலைப் பார்ப்பேன். பெட்டியையும் காலிப் பேனாவையும் எறியாமல் வைத்திருங்கள், தொகுதி எண்ணோடு டாக்டரிடம் காட்ட உதவும். போலி மருந்தும் ஊடாடுகிறது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி செமாகுளுடைட் சிக்கியதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல், மறைத்து வாங்க வேண்டும் என்பதற்காக முகம் தெரியாத ஆளிடம் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? மறைக்க நினைப்பது இங்கேயும் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இது பல்லி விஷமாமே, அதனால்தான் அரிக்கிறதா என்றும் கேட்கிறார்கள். கீலா மான்ஸ்டர் என்ற பெரிய பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த பொருளை வைத்து வந்தது இந்த வகையில் எக்ஸெனடைட் என்ற முதல் மருந்து, 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது, இந்த ஊசிகள் பின்பற்றும் ஜிஎல்பி-1 என்ற மனிதக் குடல் ஹார்மோனோடு பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம்தான் ஒத்துப்போகும். செமாகுளுடைட் 94 சதவீதமும் லிராகுளுடைட் 97 சதவீதமும் மனித ஹார்மோனை ஒத்தவை, இவற்றில் பல்லி எதுவும் இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து போடும் எந்த மருந்தையும் உடம்பு அன்னியமாக நினைக்க வாய்ப்பு உண்டு.

ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடை குறைப்பு மருந்தே இனி கிடையாது என்று அர்த்தமில்லை. கடுமையான ஒவ்வாமை வந்த மருந்தை மறுபடி தொடக் கூடாது, அதே குடும்பத்து வேறு மருந்தை அலர்ஜி நிபுணரின் மேற்பார்வையில்தான் யோசிக்க வேண்டும். தோலில் பரிசோதித்துப் பார்க்கவும், மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கவும் அவர்களிடம் முறைகள் இருக்கின்றன. தோல் பரிசோதனைக்குப் போகிறவர்கள் அரிப்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். எத்தனை நாள் என்பதை நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருந்து என்றால் என்ன என்பதில் நோயாளிகளுக்கே குழப்பம் இருக்கிறது. வாரம் ஒருமுறை போடுவதை, அதுவும் மாத்திரையாக இல்லாததை, பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆகவே பொதுவாகக் கேட்காமல், "எடை குறைக்க ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா, வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஏதாவது உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். என் தோழி, அந்த ஒரு நிமிடத் தனிமை கிடைத்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்கிறாள்.

தடிப்பு வந்தவர்கள் அதை மருந்துப் பக்க விளைவாகப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். தாலிடோமைட் மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1968-ல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளின் பக்க விளைவுகளை நாடு நாடாகச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1978 முதல் ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள மையம் அந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறது. இதில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிவு செய்வதற்கு ஓர் அமைப்பு இருக்கும், டாக்டரோ மருந்தாளரோ செய்யலாம், பல நாடுகளில் நோயாளியே செய்யலாம். இந்த மருந்துகளைப் புதிதாக லட்சக்கணக்கானோர் போட்டுக்கொள்ளும் காலம் இது. சில ஆயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வில் கண்ணில் படாத அபூர்வமான தோல் நோய்கள் இப்போதுதான் தெரியவரும், வெட்கப்பட்டு எல்லோரும் களிம்போடு நின்றுவிட்டால் அவை எந்தக் கணக்கிலும் ஏறாது.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்தமுறை எடை குறைப்பு மருந்து பற்றிக் கட்டுரை போடும்போது பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எந்தத் தடிப்புக்குக் காத்திருக்கலாம், எதற்கு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், எதற்கு உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று நாலு வரி இருந்தால் போதும். கூடவே போடும் படங்களில் வெள்ளைத் தோல் மட்டும் இல்லாமல் நம் நிறத் தோலில் காணாக்கடி எப்படித் தெரியும் என்பதையும் காட்டுங்கள். தோல் மருத்துவர் யாரிடமாவது எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. அப்படி எழுத முன்வருகிறவருக்கு, மருந்து வாங்க வருகிறவர்கள் எங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை, யார் பெயரும் இல்லாமல், தொகுத்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
மருந்தாளராகப் பணிபுரியும் ஒரு வாசகி